முந்தி வருவது முட்டை

தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தால், உட்பக்கத்தில் நாலு வரிச் செய்தி ஒன்று கண்ணில் படும்: ‘ஹெரோயினுடன் பெண் கைது.’ இடம் கொடிகாமமாக இருக்கலாம், குருநகராக இருக்கலாம். வயது, எத்தனை மில்லிகிராம், எந்த நீதவான் முன்னால் முற்படுத்தப் போகிறார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். இன்றைக்கு அப்படிப் போகாமல் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்து, அந்த நாலாவது வரிக்குப் பிறகு அவளுடைய உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். கொடிகாமம் சந்தைப் பக்கத்தில் வாடகை அறை. வயது இருபத்தைந்து. பெயர் வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கசிப்பு வழக்கென்றால் பெரும்பாலும் தண்டப்பணம் கட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஹெரோயினும் ஐஸும் அப்படி அல்ல. 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதை 1984இல் திருத்தியபோது, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று எழுதினார்கள். 2022இல் ஐஸையும், அதாவது மெத்தம்பெற்றமைனையும், அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். சிறு அளவென்றால் நீதவான் மட்டத்திலேயே தண்டத்தோடோ புனர்வாழ்வு உத்தரவோடோ முடியலாம். அளவு கூடினால் பிணைக்கு மேல் நீதிமன்றம் போகவேண்டும். இரண்டிலும் பிடிபட்ட தூள் உண்மையில் எது, அதில் சுத்தமான பொருள் எவ்வளவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை தரவேண்டும். அது வரும்வரை விளக்கமறியல் பதினாலு நாள், பதினாலு நாளாக நீளும். மாதங்கள் ஓடிவிடும்.

2023 டிசெம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதை ஒழிப்பு நடவடிக்கையில் நாடு முழுக்கப் பல்லாயிரம் பேரைப் பிடித்தது நினைவிருக்கும். நம் சிறைகளில் இருபது பேரில் ஒருவர் அளவுக்குத்தான் பெண்கள். எண்ணிக்கை குறைவு என்பதே அவர்களுக்கு வினையாகிவிடுகிறது. சிறையின் கட்டடம், சாப்பாட்டு நேரம், வைத்தியர் வரும் நாள், வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும் வாகனம் எல்லாமே ஆண்களை மனதில் வைத்து ஒழுங்கானவை. அம்பிகா சற்குணநாதன் ஆணையாளராக இருந்தபோது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு நாடு முழுவதும் சிறைகளுக்குள் போய்ச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. சிறைக்கு உள்ளே வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம். தடிப்பான அறிக்கைதான், ஆனாலும் வாசிக்க முடிகிற அறிக்கை.

இனி நம் பெண்ணோடு உள்ளே போவோம். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கடைசியாகத் தூள் இழுத்து எட்டு, பத்து மணித்தியாலம் கழிய மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பு நோகும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். சத்தி, வயிற்றோட்டம், அடிவயிற்றில் பிடித்து இழுக்கும் நோ, குளிரும் வேர்வையும் மாறிமாறி. இது நாளடைவில் தணியும். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு ஓரளவு நிமிரும். பக்கத்துப் பாயில் இருக்கிறவளும் காவல் உத்தியோகத்தரும் ஒன்றையே சொல்வார்கள்: “குடு இல்லாமல் சத்தி எடுக்கிறா, விடுங்கோ.” பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சத்தி, இடுப்பு நோ, களைப்பு, சாப்பாட்டில் வெறுப்பு என்று வேறொரு நிலைமைக்கும் இதே அறிகுறிகள் உண்டு. அது என்னவென்று வாசிக்கும் உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. கேட்டால், “எனக்கு ஏழு மாதமாகப் பீரியட்ஸே இல்லை, பிறகெப்படி?” என்பாள்.

அந்த ஏழு மாதம் எங்கே போனது என்றுதான் நாம் இப்போது பார்க்கவேண்டும்.

மோட்டர் வருமுன் தென்மராட்சித் தோட்டங்களுக்கு இறைக்க மூன்று பேர் வேண்டும். மேலே ஒருவர் துலாவில் முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார். கிணற்றுக்கட்டில் ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். வாய்க்கால் முடிகிற இடத்தில் மண்வெட்டியோடு ஒருவர் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். துலா மிதிக்கிறவரின் நடையில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் சீராக நடந்தால் பட்டை சீராக ஏறும், பாத்தி நிரம்பும். பெண்ணின் மாதச் சுற்றும் மூன்று பேர் செய்கிற இறைப்புத்தான். மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும் சிறு பகுதி துலா மிதிக்கிறது. அதற்குக் கீழே கபச்சுரப்பி பட்டையை ஊற்றுகிறது. வயிற்றுக்குள் சூலகம் தண்ணீர் மாறுகிறது, அதாவது முட்டையை வளர்த்து வெளியே விடுகிறது. பரிவகக்கீழ் அனுப்பும் செய்தி குழாய்த் தண்ணீராக ஒழுகுவதில்லை. மாதத்தின் முற்பாதியில் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை துடிப்பாக வரும். அந்தத் தாளம் பிசகினால் கீழே இருக்கும் இருவரும் சும்மா நிற்பார்கள்.

ஹெரோயின் செய்வது துலா மிதிக்கிறவரின் காலைப் பிடித்துக்கொள்வதுதான். அபின் வகை எதற்கும் இந்தக் குணம் உண்டு. வைத்தியசாலையில் நீண்டகாலம் மோர்ஃபின் எடுக்கும் நோயாளிக்கும் இதுவே நடக்கும். நடை தளர்கிறது, தாளம் போகிறது, முட்டை முதிர்வதில்லை, மாதவிடாய் தள்ளிப்போய்ப் போய் நின்றுவிடுகிறது. ஐஸ் பாவிப்பவளுக்கு வழி வேறு. அது பசியைக் கொல்லும், நித்திரையைக் கொல்லும். உடம்பில் கொழுப்புக் கரைந்து ஓர் அளவுக்குக் கீழே போனதும் அதே பரிவகக்கீழ் தானாகவே நடையை நிறுத்திவிடும். எந்த வழியில் வந்தாலும் பாத்தி காய்ந்து கிடப்பதுதான் வெளியில் தெரிகிறது. கிணறு வற்றவில்லை, துலாவும் முறியவில்லை.

எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான். மாதவிடாய் நின்றால் கரு தங்காது என்று அவள் நினைக்கிறாள். அவளோடு இருக்கிறவன் இன்னும் உறுதியாக நினைக்கிறான். சிறையில் அவளைச் சோதிக்க வேண்டியவர்களும் சில நேரம் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். பார்க்கப்போனால் நியாயமான கணக்காகத்தான் படும். மாதவிடாய் வந்தால் பிள்ளை பெறும் உடம்பு, வராவிட்டால் பெறாத உடம்பு என்றுதான் சின்ன வயதிலிருந்து நாம் கேட்டு வந்திருக்கிறோம்.

கணக்கில் எது முந்தி, எது பிந்தி என்பதுதான் பிசகுகிறது. முதலில் வருவது முட்டை. அது வெளியே வந்து, கரு தங்காமல் போனால்தான், ஏறக்குறைய பதினாலு நாள் கழித்து உதிரம் வரும். ஆகவே நின்றுபோன சுற்று மறுபடி தொடங்கும்போது முதலாவது முட்டை யாருக்கும் சொல்லாமல்தான் வருகிறது. அந்த நாட்களில் ஆணோடு சேர்ந்தால் கரு தங்கும். தங்கியபின் உதிரம் வராது. ஏற்கெனவே ஏழு மாதம் வராதது, எட்டாவது மாதமும் வராமல் போனால் யாருக்குச் சந்தேகம் வரும்?

இதில் நமக்குப் புதிது ஒன்றுமில்லை என்பதுதான் வேடிக்கை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஒருமுறைகூடத் தூரமாகாமல் அடுத்த பிள்ளை தங்கிய கதை எந்தக் குடும்பத்தில் இல்லை? ‘அக்காவும் தம்பியும் ஒரு வயது வித்தியாசம்’ என்று கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதே உடலியல்தான் இங்கும். பால் கொடுக்கும்போது அந்தத் துலாக்காரரின் நடையை நிறுத்துவது தாய்மை, இங்கே தூள். அவர் திரும்ப எந்த நாள் எழும்பி நடப்பார் என்று இரண்டிலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மங்கலமாகவும் மற்றதை அசிங்கமாகவும் பார்க்கிற பழக்கத்தால், அம்மம்மாவுக்குத் தெரிந்த அறிவை இந்தப் பெண்ணுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தூள் பாவிக்கும் காலத்திலேயே கரு தங்குவதும் இப்படித்தான். கையில் காசு இருக்கிற வாரம் கூட, இல்லாத வாரம் குறைய என்று பாவனை ஏறி இறங்கும். குறைந்த இடைவெளியில் துலா கொஞ்சக் காலம் சீராக நடந்துவிட்டால் போதும். விளக்கமறியலுக்குள் வந்தபிறகோ தூள் முற்றாக நிற்கிறது, மூன்று நேரமும் சாப்பாடு வருகிறது. சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் சுற்று மீளும். சிலருக்குச் சுகமாக மீளும், சிலருக்குப் பெருக்காக. பிணை கிடைத்து வெளியே வரும் நாளில் அவளுடைய உடம்பு பல மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக முழுதாகக் கருத்தரிக்கக்கூடிய நிலையில் இருக்கும். அவளுடைய நம்பிக்கை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

கர்ப்பமா இல்லையா என்று அறியத் தேவைப்படுவது சிறுநீரில் நனைக்கும் ஒரு சிறு பட்டி. பாமசியில் வாங்கலாம், மாதவிடாய்த் திகதி ஒன்றும் அதற்குத் தேவையில்லை. உள்ளே வந்த நாளில் ஒருமுறை பார்க்கவேண்டும். கடைசி உறவு அண்மையில் நடந்திருந்தால் பட்டி காட்டாமல் விடலாம், அதனால் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி. இதில் தாமதிப்பது ஏன் ஆபத்து என்றால், கருவைச் சுமக்கும் ஒருத்திக்கு ஹெரோயினைத் திடீரென்று நிறுத்துவது கருவையே பாதிக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அபின் வகையைத் திடீரென நிறுத்தாமல், வைத்தியர் பார்வையில் மாற்று மருந்து கொடுத்துக் காக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பாய்க்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு “மூன்று நாளில் தெளியும்” என்று விடுகிற முறை, கர்ப்பம் தெரியாத இடத்தில்தான் கைகொடுக்காமல் போகிறது. பிந்தித் தெரிந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. நமது தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. 1883இலிருந்து அப்படித்தான். ஐந்தாம் மாதத்தில் தெரியவருகிற பெண்ணுக்கு, வெளியில் போனால் மருந்துக் குளிசையும் கைவைத்தியமும் என்று கண்காணா வழிகள்தான் காத்திருக்கும்.

கருவை விட்டுவிட்டு நோய்க்கு வருவோம். இங்கும் அதே கண்மறைவுதான். ‘ஊசி போடுகிறவர்களுக்குத்தானே எயிட்ஸ் வரும், இவள் இழுக்கிறவள்தானே’ என்ற பேச்சை எங்கும் கேட்கலாம். இலங்கையில் ஹெரோயின் பாவிப்போரில் பெரும்பாலானவர்கள் அலுமினியத் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுப்பவர்கள் என்பது உண்மை. ஆனால் நோய் அவளிடம் வருவது பெரும்பாலும் ஊசியால் அல்ல. தூளை வாங்கித் தருகிறவன் அவளோடு இருக்கிறவன். காசில்லாத நாளில் வேறொருவன். ஆணுறை போடு என்று சொல்லும் பலம் தூள் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறதோ அவருக்குத்தான். ஐஸ் என்றால் மேலும் ஒன்று. அது உடம்பின் ஈரத்தை வற்றவைக்கும், நேரம் போவது தெரியாமல் செய்யும். மெல்லிய தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கிருமிக்கு அதுவே வாசல்.

கொனோரியா ஆணுக்கு வந்தால் பெரும்பாலும் எரிச்சலும் சீழுமாக அவனைக் கிளினிக்குக்கு ஓடவைக்கும். பெண்ணுக்கு அது பல தடவை சத்தமில்லாமல் இருக்கும். கிளமீடியா இன்னும் அமைதி, அது தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் வெள்ளைபட்டால் ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் ஊறப்போட்டுக் குடிப்பது நம் வழக்கம். வெந்தயத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் கருக்குழாய் வரை ஏறிவிட்ட கிருமியை அது தொடாது. சிபிலிசின் முதற்புண் நோவதில்லை. கருப்பை வாசலில் வந்தால் தெரிவதுமில்லை, சில வாரத்தில் தானே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். அதைக் காட்டும் இரத்தச் சோதனையும் தொற்றிய புதிதில் ஒன்றும் இல்லையென்று சொல்லக்கூடும். எச்.ஐ.வி. சோதனையும் அவ்வாறே. அதனால்தான் வந்த நாளில் ஒன்று, மூன்று மாதத்தில் மற்றொன்று என்று இரண்டு முறை பார்க்கவேண்டும். விளக்கமறியல் நீள்வதில் ஒரு நன்மை இருக்குமானால், அந்த இரண்டாவது சோதனைக்கு ஆள் அங்கேயே இருப்பாள் என்பதுதான். சிபிலிசுக்குப் பெனிசிலின் ஊசி, கிளமீடியாவுக்குக் குளிசை. இரண்டும் முற்றாக மாறக்கூடிய நோய்கள்.

அப்படியென்றால் உள்ளே வரும் எல்லாரையும் பிடித்துச் சோதித்துவிட்டால் என்ன? கேட்கத்தான் தோன்றும். அந்த வழியில் நாம் ஏற்கெனவே போயிருக்கிறோம். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் கீழ் தெருவில் பிடிக்கப்பட்ட பெண்களை, விருப்பத்தைக் கேளாமல் பாலியல் நோய்ச் சோதனைக்கு அனுப்புவது நீண்டகாலம் நடந்து வந்த வழக்கம். அதில் சோதனையும் தண்டனையின் ஒரு பகுதியாகிப் போனது. அப்படிச் சோதிக்கப்பட்டவள் வெளியே வந்தபின் எந்தக் கிளினிக் வாசலையும் மிதிக்க மாட்டாள். பெண் கைதிகளுக்காக ஐ.நா. பொதுச்சபை 2010 டிசெம்பரில் ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகள் இதை ஆழமாக யோசித்திருக்கின்றன. பாலியல் நோய், போதைப்பழக்கம், அண்மைய கர்ப்பங்கள், பிள்ளைப்பேறுகள் எல்லாவற்றையும் உள்ளே வரும்போதே கவனிக்கவேண்டும் என்று 6ஆம் விதி சொல்கிறது. தன் கருவள வரலாற்றைச் சொல்லாமல் விடவும், அதுபற்றிய சோதனைக்கு உட்படாமல் விடவும் அவளுக்கு உரிமை உண்டு என்று 8ஆம் விதி சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் செய்யவேண்டியது புலப்படும். கதவைச் சாத்திவிட்டு, காவல் உத்தியோகத்தரை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு தாதி இருந்து கேட்கவேண்டும். “தங்கச்சி, கடைசியாகப் பீரியட்ஸ் எப்ப வந்தது?” என்று கேட்டு, “வாறேல்லை” என்ற பதிலோடு நின்றுவிடாமல், “அது தூளாலும் நிக்கும், பிள்ளையாலும் நிக்கும். பார்ப்பமே?” என்று அடுத்ததையும் சொல்லவேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஓர் அறையும் ஓர் ஆளும் ஒதுக்குவதுதான் நம் சிறைகளில் பெரும்பாடு.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. சின்ன விடயமல்ல. ஆசியாவிலேயே சில நாடுகளுக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. அதைச் சாதித்தது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. ஊருக்கு ஊர் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போகிற குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணிகளைத் தேடிப் பதிந்து, முதற் கிளினிக்கிலேயே இரத்தம் எடுக்க வைத்ததுதான். ஆனால் அந்தச் சங்கிலி தொடங்குவதற்கு, தான் கர்ப்பிணி என்று ஒருத்திக்கு முதலில் தெரிந்திருக்கவேண்டும். ஏழு மாதம் உதிரமில்லாதவள் கிளினிக்குக்கு ஏன் போகப்போகிறாள்? நிலையான விலாசமில்லாமல் வாடகை அறைக்கும் சிறைக்குமாக அலைகிறவளை, குடும்பத்தை வைத்து எழுதப்படும் பதிவேட்டில் பிடிப்பதும் சுலபமல்ல. நல்ல வலையிலும் கண் பெரிதான இடம் இதுதான்.

கடைசியாக, அவள் வெளியே வரும் வாரம். இது இரண்டு விதத்தில் அபாயமானது. சில மாதம் பாவிக்காத உடம்புக்குப் பழைய அளவு தாங்காது, முன்னர் இழுத்த அளவையே இழுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவளிடம் யாராவது சொல்லவேண்டும், “இனிப் பாவிக்கக்கூடாது” என்ற புத்திமதிக்குப் பதிலாக அல்ல, அதற்கு முன்னால். மற்றது, அவளுடைய சுற்று மீண்டுவிட்டது அல்லது எந்த நாளும் மீளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கையின் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, கருப்பைக்குள் வைக்கும் லூப் எல்லாமே நம் அரச சுகாதாரச் சேவையில் இலவசம். குச்சி சில ஆண்டு வேலை செய்யும், அவள் தினமும் நினைவில் வைக்கத் தேவையில்லை. சிலர் உடனே, ‘இப்படியானவர்களுக்குக் கட்டாயம் போட்டுவிட வேண்டும்’ என்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். பிணைக்கு நிபந்தனையாகக் கையில் குச்சி ஏற்றுவது 1841இன் புத்திதான். விளக்கிச் சொல்லி, வேண்டுமா என்று கேட்டு, வேண்டாமென்றால் விட்டுவிட்டு, ஆணுறைப் பெட்டியொன்றையும் கிளினிக் இருக்கிற இடத்தையும் கொடுத்து அனுப்பினால் போதும்.

அந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது உதவும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சைக் கிளினிக் இருக்கிறது. வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, காசில்லை, சொல்வது வெளியே போகாது. கொடிகாமம் சந்தியில் ஏ9 வீதியால் வரும் யாழ்ப்பாணம் பஸ்சில் ஏறினால் வைத்தியசாலைக்குக் கிட்டவே இறங்கலாம். போதையை விட வழி தேடுகிறவர்கள் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுக்கலாம். மாதவிடாய் வராத நாட்களிலும் போகலாமா என்று கேட்டால், அப்போதுதான் முக்கியமாகப் போகவேண்டும்.